மூஞ்சி ஆடக்கூடாது

என்னைப் பார்த்து வாயை மூடிக்கிட்டு சும்மா உக்காருன்னு சொன்ன ஆளுங்க ரொம்பக் கம்மி. எங்க வீட்டுக்காரர் நஸ்ருல்லா கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொல்லிப் பார்த்தாரு. அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஹோட்டல்லதான் சாப்பிட்டாரு. அப்படிப்பட்ட என்னைப் புடிச்சு ஒரு பரீட்சை ஹால்ல உக்கார வச்சு, மூஞ்சியில எதுவும் அசையக்கூடாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? பரீட்சை எனக்குன்னா எந்திரிச்சு வந்திருப்பேன். பரீட்சை எம் பொண்ணுக்கு.

எம் பொண்ணு அல்ஷிஃபா பிளஸ் டூ படிக்கிறா. கவர்மென்ட் பெண்கள் ஸ்கூல்ல தொழிற்கல்வி குரூப், அதுல அழகுக்கலை. எங்க மாவட்டத்துல ஸ்கூலுக்கு ஒரு தொழில்னு பிரிச்சு வச்சிருக்காங்க. திருவெறும்பூர் பக்கத்துப் புள்ளைங்களுக்கு எலக்ட்ரிக்கல், வையம்பட்டி பக்கத்துப் புள்ளைங்களுக்கு விவசாயம், டவுனுக்குள்ள எங்க புள்ளைங்களுக்கு பியூட்டி பார்லர் வேலை. சேர்க்கும்போது எங்க சொந்தக்காரங்க எல்லாம் மூக்கைச் சுளிச்சாங்க. "இதுக்கெல்லாம் போய் பரீட்சையா"ன்னு ஒருத்தி கேட்டா. அவ வீட்டுக் கல்யாணத்துக்கு பார்லர்காரி லேட்டா வந்ததுக்கு அவ போட்ட ரகளையை நான் ஞாபகப்படுத்தினேன். அதோட போயிட்டா.

அல்ஷிஃபாவுக்கு புஸ்தகத்தைத் தொறந்தா தூக்கம் வரும், பிரஷ்ஷை எடுத்தா முழிப்பு வரும். நல்லாத்தான் செய்வா. ஒரே ஒரு குறை, யாராவது பார்த்துக்கிட்டே இருந்தா கை நடுங்கும். வீட்டுல எனக்கு ஐலைனர் போடும்போது நான் கண்ணைத் தொறந்தாலே போச்சு, கோடு காதுக்குப் போயிடும். தில்லை நகர்ல பார்லர் வச்சிருக்கிற ஒரு அம்மா இவ வேலையைப் பார்த்துட்டு, "பாஸ் பண்ணிட்டு வாம்மா, நானே சேர்த்துக்கிறேன்"னு சொல்லியிருந்தாங்க. அன்னையிலருந்து இவ கண்ணாடி முன்னாடி நின்னு "வாங்க மேடம், உக்காருங்க மேடம்"னு ஒத்திகை பார்த்துக்கிட்டு இருக்கா. பிராக்டிக்கல்ல போனா பிளஸ் டூவே போச்சு, பார்லரும் போச்சு. அவ அத்தா நஸ்ருல்லா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. புள்ளைதான் தாங்க மாட்டா.

பிராக்டிக்கல்ல மணப்பெண் அலங்காரம் செஞ்சு காட்டணும். ஒவ்வொரு புள்ளையும் அலங்காரம் பண்ணிக்க ஒரு ஆளைத் தானே கூட்டிட்டு வரணும். மாடல்னு பேரு. அல்ஷிஃபாவுக்கு மாடலா வர்றதா இருந்தவ எங்க அண்ணன் மக ஆஃப்ரின். நல்ல லட்சணமான மூஞ்சி, நாள்பூரா வாயே தொறக்காத சுபாவம், மாடலுக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா பரீட்சை அன்னைக்குக் காலையில பார்த்து, ரெண்டு நாள் கழிச்சு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவளைப் பொண்ணு பார்க்க வந்து நிக்கிறாங்க. அவளோட நிஜக் கல்யாணத்தை விட்டுட்டு பொய்க் கல்யாணத்துக்கு வான்னு எப்படிக் கூப்பிடுறது. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். அல்ஷிஃபா என்னையே பார்த்தா. நான் பின்னாடி யாராவது நிக்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல.

ஹாலுக்குள்ள போனா, சுவரோரமா வரிசையாக் கண்ணாடி, முன்னாடி நாற்காலி. அல்ஷிஃபா என்னைக் கொண்டுபோய் ஒண்ணுல உக்கார வச்சா. பக்கத்து நாற்காலியில யாருன்னு கண்ணாடி வழியாப் பார்த்தேன். யா அல்லாஹ். எங்க மேல் வீட்டு வள்ளிக்கண்ணு.

இந்த வள்ளிக்கண்ணு விஷயத்தைச் சொல்லணும். எங்க காம்பவுண்டுல கீழ நாங்க, மாடியில அவங்க. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணி மோட்டார். ஒரு கோடையில அந்த மோட்டார் ராத்திரி முழுக்க ஓடி எரிஞ்சுபோச்சு. போட்டுட்டு அணைக்காம விட்டது யாரு? அவ என்னைச் சொன்னா, நான் அவளைச் சொன்னேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. பேச்சுதான் நின்னுச்சு, ஏச்சு நிக்கல. அவ வீட்டுத் துணியிலருந்து எங்க வாசல்ல தண்ணி சொட்டினா நான் வானத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவேன். அவ கிரைண்டரைப் போட்டு பதில் சொல்லுவா. இட்லி மாவு வியாபாரம் பண்றவ, கிரைண்டருக்குப் பஞ்சமில்ல. அவ பொண்ணு அகிலாண்டேஸ்வரியும் எம் பொண்ணும் ஒரே கிளாஸ். ஸ்கூல்ல பேசிக்குவாங்களாம், காம்பவுண்டு கேட்டைத் தாண்டினா பேசிக்க மாட்டாங்களாம். நாங்க புள்ளைங்களை அப்படி ஒழுக்கமா வளர்த்திருக்கோம்.

அகிலாவுக்கு மாடலா அவ சித்தி வரப்போறான்னுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். சித்திக்கு கடைசி நேரத்துல என்ன வந்துச்சோ, இவ வந்து உக்காந்திருக்கா. கண்ணாடியில என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பினா. திருப்பின பக்கமும் கண்ணாடி. மறுபடியும் நான்தான் தெரிஞ்சேன்.

அப்பதான் எக்ஸாமினர் வந்தாங்க. ஆனந்தவள்ளி மேடம், வெளி ஸ்கூல்லருந்து வந்தவங்க. காட்டன் சேலை, கழுத்துல சங்கிலி போட்ட கண்ணாடி, சிரிப்புங்கறதை வீட்டுலயே வச்சிட்டு வந்த மூஞ்சி.

"மாடலா வந்திருக்கிறவங்க கேட்டுக்குங்க. பேசக்கூடாது. புள்ளைங்களுக்குச் சொல்லித் தரக்கூடாது. மூஞ்சி ஆடக்கூடாது. மாடலுக்கு எங்கயாவது காயம் பட்டுச்சுன்னா அந்தப் புள்ளை ஃபெயில், அதுல பேச்சே இல்ல. கடைசியில நான் உங்ககிட்ட அபிப்பிராயம் கேப்பேன். அதுக்கும் மார்க் இருக்கு."

சரி, இதையாவது சமாளிச்சிடலாம்னு பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு அடுத்ததைச் சொன்னாங்க. போன வருஷம் எல்லாப் புள்ளைங்களும் வீட்டுலயே மாடலுக்குப் பாதி வேலையை முடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். அதனால இந்த வருஷம் யார் கூட்டிட்டு வந்த மாடலும் அவங்களுக்குக் கிடையாது. நம்பர் வரிசையில பக்கத்துல இருக்கிற ரெண்டு ரெண்டு பேரும் மாடலையும் அவங்களுக்குன்னு கொண்டுவந்த சாமானையும் மாத்திக்கணும்.

நம்பர் வரிசைன்னா பேரு வரிசை. அகிலாண்டேஸ்வரிக்கு அடுத்தது அல்ஷிஃபா.

எம் பொண்ணு என்னைப் பார்த்தா, மேல் வீட்டுக்காரியைப் பார்த்தா, மறுபடி என்னைப் பார்த்தா. அவ ஒரு மாசமாப் பழகினது எங்க வீட்டுக் கல்யாணப் பொண்ணு அலங்காரம். தலைக்கு முக்காடு, நெத்திச்சுட்டி, கல்லு வச்ச துப்பட்டா. பொட்டு வைக்கிற வேலையே கிடையாது. ஜடை பின்னிப் பூ வைக்கிறதெல்லாம் புஸ்தகத்துல படம் பார்த்ததோட சரி. அந்தப் பக்கம் அகிலா நிலைமையும் அதேதான், அவளும் துப்பட்டாவைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறா. நான் எந்திரிச்சு மேடம்கிட்ட நியாயம் கேட்கலாம்னு வாயைத் தொறந்தேன். "பேசக்கூடாது"ன்னு சொல்லிட்டு வாட்சைப் பார்த்தாங்க. பரீட்சை ஆரம்பமாயிடுச்சு.

அகிலா என் பின்னாடி வந்து நின்னா. அல்ஷிஃபா வள்ளிக்கண்ணு பின்னாடி நின்னா. கண்ணாடியில எங்க ரெண்டு பேர் கண்ணும் முட்டிக்கிச்சு. எனக்குத் தோணினதை மறைக்காமச் சொல்றேன். நான் ஒரே ஒரு தும்மல் தும்மினா போதும், இவ பொண்ணு போட்ட மேக்கப் காலி. இதை நினைச்சு எனக்கு ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பார்த்தா அவளும் எம் பொண்ணு கையைப் பார்த்துட்டு என்னைப் பார்க்கிறா. அவளுக்கும் மூக்கு இருக்கே. நான் தும்மினா அவ தும்முவா. ரெண்டு பேரும் மூச்சைக்கூட பார்த்துப் பார்த்து விட ஆரம்பிச்சோம்.

அகிலா வேலையைப் பத்தி நான் என்ன சொல்றது. கிரைண்டர் வீட்டுல பொறந்த புள்ளைக்கு இப்படி ஒரு கை எப்படி வாய்ச்சுச்சோ. ஸ்பாஞ்சு என் கன்னத்துல படுறதே தெரியல. குனிஞ்சு என் காதுகிட்ட வந்து, "பொட்டு வைக்க மாட்டேன் ஆன்ட்டி, நெத்திச்சுட்டியைக் கொஞ்சம் இறக்கி வச்சுக்கிறேன், சரின்னா ஒருதடவை கண்ணைச் சிமிட்டுங்க"ன்னா. சிமிட்டினேன். கேட்டுட்டுச் செய்யுதே புள்ளைன்னு மனசு இளகிருச்சு. உடனே மோட்டாரை நினைச்சு மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்.

பக்கத்துலதான் கண்றாவி. அல்ஷிஃபா பொட்டு வச்சா. அது இடது புருவத்து மேல போய் உக்காந்துச்சு. எடுத்து மறுபடி வச்சா. வலது பக்கம் போச்சு. மேடம் வேற பின்னாடி வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. புள்ளைக்கு கை உதறுது. அப்ப இந்த வள்ளிக்கண்ணு கண்ணு முழியை இப்படியும் அப்படியும் உருட்டினா பாருங்க, எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. ஏற்கெனவே நடுங்குற புள்ளையை முழியை உருட்டிப் பயமுறுத்துறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா. வாய்வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன். அகிலா என் தாடையைப் புடிச்சு, "ஆன்ட்டி, பல்லைக் கடிக்காதீங்க, கன்னம் தூக்குது"ன்னு கெஞ்சினா.

அப்புறம்தான் கவனிச்சேன். அவ முழி வலது பக்கம் போனா அல்ஷிஃபா பொட்டை வலது பக்கம் நகர்த்துறா. கீழ போனா கீழ இறக்குறா. நடுவுல வந்ததும் வள்ளிக்கண்ணு கண்ணை மூடிட்டா. பொட்டு சரியா நடுநெத்தியில நின்னுச்சு. ஜடையில பூ வைக்கும்போதும் அப்படித்தான், கண்ணாலயே வழி சொன்னா. பேசக்கூடாதுன்னுதானே மேடம் சொன்னாங்க, பார்க்கக்கூடாதுன்னு சொல்லலையே. எனக்கு இதை எப்படி எடுத்துக்கிறதுன்னே புரியல. எதிரின்னா எதிரியா இருக்கணும். இப்படிப் பாதியில மாறினா நான் எங்க போவேன்.

மாவட்டத்துல எல்லாத் தொழிலுக்கும் அங்கதான் பரீட்சை சென்டர். எங்களுக்கு அடுத்த ரூம்ல திருவெறும்பூர் பக்கத்துலருந்து வந்த எலக்ட்ரிக்கல் புள்ளைங்களுக்குப் பரீட்சை. வேணும்னே ஒயரிங்ல கோளாறு பண்ணி வச்சு அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுவாங்களாம். எந்தப் புள்ளை எந்த ஒயரைத் தொட்டுச்சோ, டமார்னு ஒரு சத்தம், எங்க ஹால்ல ஃபேனு, லைட்டு எல்லாம் நின்னுபோச்சு. அந்தச் சத்தம் கேட்ட நேரத்துல அல்ஷிஃபா வள்ளிக்கண்ணுக்கு மை தீட்டிக்கிட்டு இருந்தா.

பென்சில் நேராக் கண்ணுக்குள்ள போனதை நான் கண்ணாடியில பார்த்தேன்.

என் உசுரே நின்னுபோச்சு. எம் பொண்ணு பென்சிலைப் புடிச்ச கையோட அப்படியே சிலையாட்டம் நிக்கிறா. உதடு பிதுங்குது, இப்ப அழுதுடுவா. மேடம் ஜன்னல் பக்கம் போய், "என்ன பண்றீங்க அங்க"ன்னு பக்கத்து ரூமைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வள்ளிக்கண்ணு ஒரு "ஆ" போட்டா போதும். போட வேண்டிய வலிதான் அது. என் கண்ணுல தூசி விழுந்தாலே நான் தெருவைக் கூட்டிடுவேன்.

அவ சத்தம் போடல. நாற்காலிக் கையை இறுக்கிப் புடிச்சிருந்தா, விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. அப்புறம் ஒரு கையை எடுத்து அல்ஷிஃபா மணிக்கட்டைப் புடிச்சா. புடிச்சுட்டாளே, இழுத்துட்டுப் போய் மேடம்கிட்ட காட்டப்போறாளேன்னு நான் நினைச்சேன். அந்தக் கையைத் தூக்கி மெதுவா அடுத்த கண்ணுகிட்ட கொண்டுபோய் வச்சா. புள்ளை விரலை ஒரு தட்டு தட்டினா. போடு, ஒண்ணுமில்ல, போடுன்னு சொல்ற மாதிரி.

எம் பொண்ணு மூக்கை உறிஞ்சிட்டு, அந்தக் கண்ணுக்கு மை போட்டா. கோடு நேராப் போச்சு. அதுவரைக்கும் அவ கையில அப்படி ஒரு கோடு நான் பார்த்ததில்ல. அடிபட்ட கண்ணுலருந்து தண்ணி கொட்டக் கொட்ட டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு அதுக்கும் போட்டுட்டா. ஃபேன் இல்லாம ஹாலே வெந்துச்சு. எனக்கு வேர்க்கக் கூடாதுன்னு அகிலா பரீட்சைப் பேப்பர் வைக்கிற அட்டையால விசிறினா. விசிறின காத்துல பாதியை அல்ஷிஃபா பக்கமும் திருப்பி விட்டா.

கரன்ட் வந்துச்சு, நேரமும் முடிஞ்சுச்சு. மேடம் பேனாவைத் தொறந்துக்கிட்டு முதல்ல என்கிட்ட வந்தாங்க.

"சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ணு உங்களுக்குச் செஞ்ச வேலை எப்படி இருந்துச்சு?"

பேசலாம்னு அனுமதி கிடைச்சுருச்சு. அவ்வளவு நேரம் அடைச்சு வச்சதெல்லாம் தொறந்து விட்ட குழாயாட்டம் வந்துச்சு. கை பட்டதே தெரியலைங்க, பொட்டு வேணுமா வேணாமான்னு கேட்டுச் செஞ்சுச்சுங்க, கரன்ட் போனப்ப விசிறி விட்டுச்சுங்க, துப்பட்டாவுல குத்தின ஊசி ஒண்ணுகூட என்மேல படலைங்க, எனக்கு நிஜமா கல்யாணம் ஆனப்ப எங்க சாச்சி பவுடர் அடிச்சு விட்டதோட சரிங்க, இன்னைக்குத்தான் கண்ணாடியில என்னைப் பார்த்து எனக்கே வெக்கம் வந்துச்சுங்க, இந்தப் புள்ளைக்கு மார்க் கம்மியாப் போட்டா நல்லா இருக்காதுங்க.

"போதும்மா, போதும்"னாங்க மேடம். எழுதிக்கிட்டாங்க.

இதுல ஒரு வார்த்தைகூட நான் யோசிச்சுச் சொல்லல. அத்தனையும் நிஜம். எதிரி பொண்ணுன்னாலும் நிஜம் நிஜம்தானே. ஆனா சொல்லி முடிச்சதும்தான் ஞாபகம் வந்துச்சு. அடுத்தது அவ.

மேடம் வள்ளிக்கண்ணுகிட்ட குனிஞ்சு பார்த்தாங்க. ஒரு கண்ணு செக்கச் செவேல்னு இருந்துச்சு.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

நான் மனசுக்குள்ள ஓத ஆரம்பிச்சேன். அல்ஷிஃபா தரையைப் பார்த்தா.

"அழுதேங்க மேடம்"னா வள்ளிக்கண்ணு.

"அழுதீங்களா? எதுக்கு?"

"கல்யாணப் பொண்ணு கோலத்துல உக்கார வச்சுட்டாங்க. பொறந்த வீட்டு நினைப்பு வந்துருச்சு. எங்க வீடு வையம்பட்டி."

"ஒரு கண்ணுல மட்டுமா அழுதீங்க?"

"ரெண்டுலயும்தான் அழப் பார்த்தேன் மேடம். மேக்கப் கலைஞ்சிடுமேன்னு பாதியில நிறுத்திட்டேன்."

மேடம் அவளையே பார்த்தாங்க. அப்புறம் மையைப் பார்த்தாங்க. "அழுதும் கலையலையே, பரவால்ல"ன்னு சொல்லிட்டு என்னவோ எழுதினாங்க. வீட்டுல வச்சிட்டு வந்த சிரிப்புல கொஞ்சம் உதட்டோரம் எட்டிப் பார்த்துச்சு. மேடம் நகர்ந்ததும் கிளாஸ் டீச்சர் எங்க பக்கமா வந்து, "ரெண்டும் பாஸ்தாங்க, பயப்படாதீங்க"ன்னு காதோட சொல்லிட்டுப் போனாங்க. நான் அல்ஹம்துலில்லாஹ்ன்னு சத்தமாவே சொல்லிட்டேன்.

புள்ளைங்க பிரஷ்ஷெல்லாம் கழுவி வச்சிட்டு வரணும், நேரமாகும்னாங்க. நான் அலங்காரத்து மேலயே பர்தாவைப் போட்டு முகத்தையும் மூடிக்கிட்டு வெளிய வந்தேன். குழாயடியில வள்ளிக்கண்ணு நிக்கிறா. பட்டுச்சேலை, ஜடை நிறையப் பூ, ஒரு கையால கண்ணைப் பொத்திக்கிட்டு சுவத்துல சாஞ்சு நிக்கிறா. அதுவரைக்கும் அடக்கி வச்ச வலியெல்லாம் இப்பதான் மூஞ்சியில தெரியுது.

எத்தனையோ வருஷம் கழிச்சு அவகிட்ட நான் நேராப் பேசின முதல் வார்த்தை, "கையை எடுங்க, பார்க்கணும்."

"ஒண்ணுமில்ல. எரியுது, அவ்வளவுதான்."

"ஒண்ணுமில்லாம என்ன? வீங்கிப்போய்க் கிடக்கு. வாங்க கண்ணாஸ்பத்திரிக்கு."

"வீட்டுக்குப் போய்த் தண்ணி விட்டுக் கழுவினா சரியாப்போயிடும்."

எனக்குக் கோபம் வந்துருச்சு. கையைப் புடிச்சு ரோட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டேன். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏத்தினேன். டிரைவர் பிராங்க்ளின்னு ஆட்டோ பின்னாடியே பேரு எழுதியிருந்துச்சு. சின்னப் பையன். கண்ணாடி வழியா எங்களைப் பார்த்தான். கல்யாணக் கோலத்துல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா, பக்கத்துல கறுப்பு பர்தாவுல ஒருத்தி அவ கையைப் புடிச்சுக்கிட்டு இருக்கா. அவன் வண்டியை எடுக்கவே இல்ல.

"எங்கக்கா போகணும்? ரிஜிஸ்டர் ஆபீஸா?"

"தில்லை நகர். சீக்கிரம் எடு."

"பொண்ணு சம்மதத்தோடதானே வர்றாங்க? பின்னாடி எனக்குப் பிரச்சினை வரக்கூடாதுக்கா. பொண்ணுக்கு வயசு என்னாகுது?"

"நாப்பத்தி ரெண்டு"ன்னா வள்ளிக்கண்ணு.

பிராங்க்ளின் கொஞ்சம் யோசிச்சான். "அப்ப மேஜர்தான்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும், "மாப்பிள்ளை அங்க வந்துட்டாருங்களா"ன்னு கேட்டான் பாருங்க, எனக்குப் பொறுக்கல. நல்லா நாலு வார்த்தை விடணும்னு முகத்துணியைத் தூக்கினேன். கண்ணாடியில என் நெத்திச்சுட்டியையும் மேக்கப்பையும் பார்த்துட்டான். வண்டியை அப்படியே ஓரங்கட்டி நிறுத்திட்டான்.

"நீங்களுமா?"

வள்ளிக்கண்ணு சிரிக்க ஆரம்பிச்சுட்டா. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டே சிரிக்கிறா. சிரிச்சா கண்ணு எரியுதுன்னு சொல்றா, சொல்லிட்டு மறுபடியும் சிரிக்கிறா. எனக்கும் அடக்க முடியல. ஹால்ல சிரிக்காம உக்காந்திருந்ததுக்கும் சேர்த்துச் சிரிச்சேன். பிராங்க்ளினுக்கு நாங்க ரெண்டு பேரும் லேசா மரை கழண்ட ஆளுங்கன்னு தோணியிருக்கணும். அதுக்கப்புறம் திரும்பியே பார்க்கல, ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுவந்து இறக்கினான்.

அங்க இருந்த டாக்டர் சின்னப் பொண்ணு. லைட் அடிச்சுப் பார்த்தாங்க, கண்ணைக் கழுவினாங்க. மேலாகத்தான் கீறல், பார்வைக்கு ஒண்ணும் ஆகல, சொட்டு மருந்து விட்டுக் கட்டிட்டா ஆறிடும்னாங்க. எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. கட்டு போட்டுக்கிட்டே கேட்டாங்க.

"எப்படி ஆச்சு? யாரு குத்தினா?"

நான் சொல்லிடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். எம் பொண்ணு பண்ணினது, நான்தானே சொல்லணும். அதுக்குள்ள வள்ளிக்கண்ணு சொல்லிட்டா.

"நானேதாங்க குத்திக்கிட்டேன். கண்ணாடி பார்க்காம மை போட்டேன்."

"இந்த வயசுல இவ்வளவு அவசரம் ஏங்க"ன்னு டாக்டர் திட்டினாங்க. அவ தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டா.

இங்க எந்த மேடம் இருக்காங்க? எந்த மார்க் இருக்கு? ஹால்ல அவ சொன்ன பொய்யை நான் புரிஞ்சுக்கிட்டேன். நான் அவ பொண்ணை நல்லபடியாச் சொன்னேன், அவ எம் பொண்ணை விட்டுக் கொடுக்கல, சரிக்குச் சரியாப்போச்சுன்னு வச்சுக்கிட்டேன். இந்தப் பொய் எதுக்கு? யாருன்னே தெரியாத ஒரு டாக்டர்கிட்டகூட எம் புள்ளை கை தப்பு பண்ணுச்சுன்னு சொல்ல அவளுக்கு மனசு வரல. புள்ளை பக்கத்துலகூட இல்ல, அவளுக்குத் தெரியவும் போறதில்ல. நான் பெத்தவ, நான்கூட சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேனே. டாக்டர் முன்னாடியே, நெத்திச்சுட்டியும் அதுவுமா, பெஞ்சுல உக்காந்து ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டேன். வெளிய டோக்கனோட உக்காந்திருந்தவங்கள்லாம் உள்ள எட்டிப் பார்த்தாங்க.

வள்ளிக்கண்ணு கட்டுப்போட்ட கண்ணோட என் பக்கம் முழுசாத் திரும்பினா. ஒத்தைக் கண்ணால என் மூஞ்சியை மேலயும் கீழயும் பார்த்தா.

"பஸீலா, அழாதீங்க. அகிலா போட்டது கலைஞ்சிடும்."

"மார்க்தான் போட்டாச்சேக்கா, கலைஞ்சா கலையட்டும்"னு சொல்லிட்டு அவ தோள்லயே சாஞ்சு அழுதேன்.